ஏடு தேடி இமயம் கடந்த ராகுலர்

ஒரு வழக்கில் ஒரு தரப்பாரின் கூற்று மட்டுமே எஞ்சி, மறுதரப்பாரின் கூற்று மறைந்துபோகுமாயின் நடுநிலையோடு தீர்ப்புக் கூறுதல் அரிது. தத்துவ வரலாற்றில் இத்தகைய நிலை பலமுறை நேர்ந்துள்ளது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசி முழுமையாகக் கிடைத்திலது. மிகச் சில செய்யுட்களே எஞ்சியுள்ளன. அதனை மறுப்பதற்கென்றே எழுந்த நீலகேசியோ உரையோடு நின்று நிலவுகிறது. ஆதலால் குண்டலகேசியின் வாதம் இன்னதெனத் தமிழ் மாணாக்கர் அறிந்துகொள்வது பெரும்பாலும் அதனை மறுத்தவர் நூல் வழியாகவே ஆகும்.

தமிழில் ஒரு காப்பியத்திற்கு நேர்ந்த இக்கதி வடமொழியில் ஒரு பெருந்தத்துவ மரபு முழுமைக்கும் நேர்ந்தது. திக்நாகரும் தர்மகீர்த்தியும் பௌத்த அளவை நூலின் இரு தூண்கள் ஆவர். நியாய நூலாரும் மீமாம்சகரும் சமண அறிஞரும் பல நூற்றாண்டுகள் இவ்விருவரையும் மறுத்தே தத்தம் கொள்கைகளைக் கூர்மையாக்கினர். மறுத்தவர் நூல்கள் நிலைத்தன. மறுக்கப்பட்டவர் நூல்களுட் பெரும்பாலன இந்திய மண்ணிலிருந்து மறைந்தன. தர்மகீர்த்தியின் தலைசிறந்த நூலாகிய பிரமாணவார்த்திகம், ஏறத்தாழ 1450 காரிகைகளைக் கொண்டது, திபெத்திய மொழிபெயர்ப்பிலும், மறுப்பு நூல்கள் எடுத்தாண்ட துணுக்குகளிலும் மட்டுமே அறியப்பட்டிருந்தது.

இம்மறைவு தமிழர்க்கும் தொடர்புடையது. திக்நாகர் காஞ்சிக்கு அண்மையிற் பிறந்தவர் என்றும், தர்மகீர்த்தியும் தென்னாட்டவரே என்றும் திபெத்திய மரபு கூறும். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் உரைக்கும் அளவை இலக்கணம் திக்நாகர் மரபோடு நெருங்கியது என்பதும் ஆய்வாளர் அறிந்ததே. இவ்வாறு இழந்த ஒரு தரப்பின் ஏடுகளைத் தேடி நான்குமுறை திபெத்திற்குச் சென்று மீண்டவர் ராகுல சாங்கிருத்தியாயன் ஆவார். கண. முத்தையாவின் மொழிபெயர்ப்பில் வெளிவந்த 'வால்காவிலிருந்து கங்கை வரை' என்னும் நூலின் ஆசிரியராகவே தமிழ்நாடு அவரை அறியும். அந்நூலாசிரியருக்குள் மறைந்திருந்த சுவடி தேடியை அறிந்தோர் சிலரே.

வீடு துறந்த சிறுவன்

1893ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் உத்தரப்பிரதேசத்து ஆசம்கட் மாவட்டத்தைச் சார்ந்த பந்தஹா என்னும் சிற்றூரில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கேதார்நாத் பாண்டே. பாட்டனார் படைவீரராகப் பணியாற்றியவர். தாம் கண்ட தொலைவிடங்களைப் பற்றிப் பேரனுக்குக் கதை கதையாகச் சொன்னவர். உருதுப் பாடநூலில் உலகைச் சுற்றிப் பார்க்கத் தூண்டிய ஈரடிப் பாடல் ஒன்றும் சிறுவனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அறியாப் பருவத்திலேயே அவருக்கு மணம் முடித்துவைத்தனர். அம்மணத்தை அவர் மனத்தளவில் ஒருபோதும் ஏற்றிலர். மீண்டும் மீண்டும் வீட்டை விட்டு ஓடினார், இறுதியில் மீளவேயில்லை.

பீகாரின் பர்சா மடத்தில் ராம் உதார் தாஸ் என்னும் பெயரோடு வைணவத் துறவியானார். 1913ஆம் ஆண்டில் தென்னாட்டு யாத்திரை மேற்கொண்டு சென்னைக்கு அருகிலுள்ள திருமழிசையில் வைணவ மடமொன்றில் தங்கிப் பயின்றார். பின்னர் ஆரிய சமாஜத்தின்பால் ஈர்க்கப்பட்டு ஆக்ராவிலும் லாகூரிலும் கற்றார். ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். இராமானுசர் நெறியில் நின்றபோதும், வேதமே முடிவெனக் கொண்டபோதும் அவர் கற்ற வடமொழி நூல்களில் பௌத்தர் எதிர்த்தரப்பாராகவே வந்தனர்; தோற்றவராகவே சென்றனர். தோற்றவர் உண்மையில் என்ன சொன்னார் என்னும் வினா அவர் உள்ளத்தில் மெல்ல முளைத்தது.

இலங்கையில் கிளர்ந்த வேட்கை

அவ்வினா அவரை 1927ஆம் ஆண்டில் இலங்கைக்கு அழைத்துச் சென்றது. கொழும்பை அடுத்த களனியில் வித்தியாலங்காரப் பிரிவேனா என்னும் பௌத்தக் கல்விக்கூடத்தில் வடமொழி ஆசிரியராக அமர்ந்தார். பிக்குகளுக்கு வடமொழி கற்பித்து, அவர்களிடம் பாலி கற்றார். திரிபிடகம் முழுவதையும் ஊன்றிப் பயின்று திரிபிடகாசாரியர் என்னும் பட்டமும் பெற்றார்.

ஆயினும் பாலி மொழியில் அமைந்த தேரவாத நூல்கள் அவர் வினாவிற்கு முழு விடையாகவில்லை. நாளந்தாவிலும் விக்கிரமசீலத்திலும் வளர்ந்த அளவை மரபு வடமொழியில் வழங்கியது. அதன் நூல்கள் பல திபெத்திய மொழியில் பெயர்க்கப்பட்டு, கஞ்சூர், தஞ்சூர் என்னும் இரு பெருந்தொகுதிகளில் காக்கப்பட்டிருந்தன. புத்தர் வாக்கெனக் கொள்ளப்படுவன முன்னதிலும், ஆசாரியர்களின் நூல்களும் உரைகளும் பின்னதிலும் அடங்கும். அவற்றைப் பயில வேண்டுமாயின் திபெத்திற்கே செல்லுதல் வேண்டும். ஆனால் திபெத்தோ அயலார்க்குத் திறவாத நாடு. ஆங்கில அரசின் சிறையில் இருந்து மீண்ட ஒருவருக்கு இசைவுச்சீட்டு கிடைக்கும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை.

மாறுவேடத்தில் முதற் பயணம்

நேபாளத்திற்குள் நுழைவதற்கும் அந்நாளில் இசைவு தேவை. சிவராத்திரித் திருவிழாவின்போது மட்டும் பசுபதிநாதரை வழிபட வரும் யாத்திரிகர் தடையின்றி விடப்பட்டனர். 1929ஆம் ஆண்டுச் சிவராத்திரிக் கூட்டத்தோடு கூட்டமாக அவர் காத்மாண்டு அடைந்தார். விழா முடிந்ததும் யாத்திரிகர் திரும்ப, அவர் திரும்பவில்லை. மறைந்து வாழ்ந்து, திபெத்திய உடை அணிந்து, இமயச் சாரலைச் சேர்ந்த பௌத்தரைப் போலத் தோற்றம் கொண்டு, லாமா ஒருவரின் குழுவினரோடு எல்லையைக் கடந்தார். வழியில் மங்கோலியப் பிக்கு ஒருவர் துணையானார். உறைபனியிலும் கொள்ளையர் அச்சத்திலும் கால்நடையாகச் சென்று, அவ்வாண்டு ஜூலையில் லாசா நகரை எய்தினார்.

லாசாவில் நேபாள வணிகர் ஒருவரின் இல்லம் அவருக்கு அடைக்கலமாயிற்று. அங்கிருந்து திபெத்திய மொழியைக் கற்றார், நூல்களைத் திரட்டினார். அவரிடம் பொருளில்லை. களனியிலிருந்து வந்த பணம் நூல் வாங்க உதவிற்று. 1930ஆம் ஆண்டில் அவர் மீண்டபோது அச்சுப் பலகையில் பதித்த திபெத்திய நூல்களும் துணியில் தீட்டிய தங்கா ஓவியங்களும் 22 கோவேறு கழுதைகளின் மேல் ஏற்றப்பட்டு வந்தன என்பர். ஓவியங்கள் பின்னர்ப் பாட்னா அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. இலங்கைக்குத் திரும்பிய அவர் முறைப்படி பிக்குவாகி, புத்தரின் மைந்தன் பெயராகிய ராகுலன் என்பதையும், தம் கோத்திரத்தால் அமைந்த சாங்கிருத்தியாயன் என்பதையும் இணைத்துப் புதுப்பெயர் பூண்டார்.

மாறிய துணிபு

முதற் பயணத்தில் அவர் கொணர்ந்தவை பெரும்பாலும் மொழிபெயர்ப்புகளே. வடமொழி மூலங்கள் அழிந்தொழிந்தன என்பதே அன்று அறிஞர் பலர் கொண்ட துணிபு. ராகுலரும் அவ்வாறே கருதினார். ஆகவே பிரமாணவார்த்திகத்தைத் திபெத்திய மொழியிலிருந்து மீண்டும் வடமொழிக்கு மாற்றும் அரிய பணியைத் தொடங்கினார். திபெத்திய மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லுக்குச் சொல் நிகர் வகுத்துப் பெயர்த்தவர்கள் ஆதலின் இத்தகைய மீட்பு ஒருவாறு இயலும். எனினும் மீட்டது மூலமாகாது. ஒரு சொல்லுக்கு வடமொழியில் மூன்று நிகர் இருக்குமாயின் ஆசிரியர் ஆண்டது எது என்று எவர் அறுதியிட்டுச் சொல்ல வல்லார்?

இந்நிலையில், நேபாள அரசகுருவாகிய ஹேமராஜ சர்மாவிடம் பிரமாணவார்த்திகத்தின் வடமொழி மூலப்படி ஒன்று இருப்பதாகச் செய்தி கிடைத்தது. ராகுலர் தம் மீட்புப் பணியை அந்த அளவில் நிறுத்திவிட்டார். உழைத்து எழுதிய பக்கங்களைக் கைவிட அவர் தயங்கவில்லை. ஒரு மூலம் எஞ்சியிருக்குமாயின் ஏனையவும் எஞ்சியிருத்தல் கூடும் என்னும் எண்ணம் வலுப்பட்டது. மொழிபெயர்ப்புகளைத் தேடிச் சென்றவர் இனி மூலங்களைத் தேடலானார்.

அவ்வெண்ணத்திற்கு வரலாற்றில் தக்க அடிப்படை இருந்தது. எட்டாம் நூற்றாண்டில் சாந்தரக்ஷிதர் தொடங்கிப் பதினோராம் நூற்றாண்டில் அதீசர் வரை இந்திய ஆசாரியர் பலர் திபெத் சென்றனர். வட இந்தியப் பெருவிகாரைகள் அழிவுற்ற காலத்தில், 1204ஆம் ஆண்டளவில், காஷ்மீரத்துச் சாக்கிய ஸ்ரீபத்திரர் தம் மாணாக்கரோடு அங்குச் சென்றார். அம்மாணாக்கருள் ஒருவர் விபூதிசந்திரர். இவர்கள் சாக்யா மடத்தின் பேரறிஞராகிய சாக்ய பண்டிதர்க்கு அளவை நூல் கற்பித்தனர். ஆசாரியர்களோடு ஓலைச்சுவடிகளும் பனிமலை ஏறின. அச்சுவடிகளைப் படிக்கத் தெரிந்தவர் காலப்போக்கில் இலராயினர். அவை புனிதப் பொருள்களாக வணங்கப்பட்டன. துணியிற் பொதிந்து அறைகளில் வைத்து முத்திரையிடப்பட்டன. எவரும் பயிலவில்லை; ஆயினும் எவரும் எறிந்துவிடவுமில்லை.

இயற்கையும் துணை நின்றது. தமிழ்நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் கறையானுக்கு இரையாகும் ஓலை, சில தலைமுறைக்கு ஒருமுறை படியெடுக்கப்பட்டாலன்றி நிலைபெறாது. திபெத்தின் குளிர்ந்த வறண்ட காற்றில் எழுநூறு, எண்ணூறு ஆண்டு கடந்தும் ஓலை உறுதியோடு இருந்தது. தமிழ்நாட்டில் எழுத்தாணியால் கீறுவது போலன்றி, வட இந்தியாவில் ஓலை மீது மையால் எழுதுவது வழக்கம். அந்த மையும் பெரும்பாலும் மங்காதிருந்தது.

சாக்யாவின் ஏட்டறை

1934ஆம் ஆண்டில் ராகுலர் இரண்டாம் முறை திபெத் சென்றார். அம்தோ நாட்டைச் சேர்ந்த பிக்குவும் பிற்காலத்தில் திபெத்தின் பேரறிஞராகப் போற்றப்பட்டவருமான கெண்டுன் சோபெல் அப்பயணத்தில் உடன் வந்தார். லாசாவின் குந்தேலிங் மடத்தில் தர்மகீர்த்தியின் வாதநியாயமும் அதற்குச் சாந்தரக்ஷிதர் வரைந்த உரையும் கிடைத்தன. தொடர்ந்து ஷாலு, ஙோர், சாக்யா ஆகிய மடங்களின் சுவடிகளையும் கண்டார். வாதநியாயம் உரையோடு அவராலேயே பதிப்பிக்கப்பட்டுப் பீகார்–ஒரிசா ஆராய்ச்சிக் கழக இதழின் வாயிலாக வெளிவந்தது. அக்கழகத்தின் உயிராக விளங்கியவர் வரலாற்றறிஞர் காசிபிரசாத் ஜயஸ்வால். ராகுலரின் பயணங்களுக்குப் பொருளும் ஊக்கமும் தந்தவர் அவர்.

மடத்துக் கதவுகள் எளிதிற் திறந்தன அல்ல. ஒரு மடத்தில் தலைவர் இசைந்தால் காப்பாளர் ஊரில் இரார். காப்பாளர் இருந்தால் முத்திரையை நீக்க மற்றோர் அலுவலர் வேண்டும். ராகுலர் வாரக்கணக்கில் காத்திருந்தார். அவருக்குத் துணை நின்றவை இரண்டு: ஒன்று, திபெத்தியரோடு திபெத்திய மொழியிலேயே உரையாடும் ஆற்றல், மற்றொன்று, அவர்கள் நாள்தோறும் வாதிட்டுப் பயிலும் அளவை நூலில் அவருக்கிருந்த தேர்ச்சி. தர்மகீர்த்தியைத் தம் ஆசாரியராகப் போற்றும் பிக்குகள், அவரது நாட்டிலிருந்து அவரது நூலைத் தேடி வந்தவரை அயலாராகக் கருதவில்லை.

1936ஆம் ஆண்டு மூன்றாம் பயணத்தில் சாக்யா மடத்தின் பழைய ஏட்டறை ஒன்று அவர்க்காகத் திறக்கப்பட்டது. நெடுநாளாக மனிதர் அடி படாத தரையில் தூசி படிந்து கிடந்தது. அடுக்கடுக்கான திபெத்தியச் சுவடிகளின் இடையே இந்திய ஓலைக் கட்டுகள் இருந்தன. அவற்றுள் பிரமாணவார்த்திகத்திற்குப் பிரஜ்ஞாகரகுப்தர் இயற்றிய பேருரை இருந்தது. முன்பு குறையாகவே கண்ட நூலை இப்போது முழுமையாகக் கண்டார். பொதிந்து எடுத்துச்செல்ல அவர் முயலவில்லை. அமர்ந்து கையால் படியெடுக்கத் தொடங்கினார். விரல் விறைக்கும் குளிரில், பழைய எழுத்தின் நெளிவுகளைக் கண்டறிந்து, வரி வரியாகத் தேவநாகரியில் எழுதினார். ஷாலு மடத்தைச் சார்ந்த தொகுதியில் மனோரதநந்தியின் உரை கிடைத்தது. அதைத் தம் கையால் எழுதியவர் முற்கூறிய விபூதிசந்திரரே. விகாரைகள் அழிந்த நாளில் ஓர் இந்தியப் பிக்கு எழுதிக் காத்த உரையை, ஏழு நூற்றாண்டுகள் கழித்து மற்றோர் இந்தியப் பிக்கு திரும்பவும் எழுதிக்கொண்டார்.

நிழற்படமும் பதிப்பும்

கையால் எழுதி முடியாத அளவிற்குச் சுவடிகள் பெருகின. ஆகவே 1938ஆம் ஆண்டு நான்காம் பயணத்தில் நிழற்படக் கலைஞர் ஒருவரையும் அழைத்துச் சென்றார். கெண்டுன் சோபெலும் மீண்டும் உடன் வந்தார். ஓலைகளை வரிசையாக அடுக்கி, பல ஏடுகளை ஒரே தகட்டில் அடக்கிப் படமெடுத்தனர். பொருட்குறையும் காலக்குறையும் அவர்களை நெருக்கின. படங்கள் சில தெளிவாக அமைந்தன, சில மங்கலாயின, சிலவற்றில் ஓலையின் விளிம்பெழுத்துகள் படிக்க இயலாதவாறு மறைந்தன. இக்குறையைப் பின்வந்த பதிப்பாசிரியர் பலர் உணர்ந்துள்ளனர். எனினும் அன்று அப்படங்கள் எடுக்கப்படாதிருந்தால் பல நூல்களைப் பற்றி அறிஞருலகம் மேலும் பல பத்தாண்டுகள் ஏதும் அறிந்திராது. அவர் வெளியிட்ட மூன்று பட்டியல்களில் 300க்கும் மேற்பட்ட நூல்கள் இடம்பெற்றன.

பிரமாணவார்த்திக மூலத்தை 1938ஆம் ஆண்டில் அவரே பதிப்பித்தார். மனோரதநந்தியின் உரையும் கர்ணகோமியின் உரையும் தொடர்ந்து வந்தன. பிரஜ்ஞாகரகுப்தரின் பேருரை 1953ஆம் ஆண்டில் பாட்னாவில் வெளியாயிற்று. ஏனையவற்றைப் பிறர் ஏற்றனர். யோகாசாரபூமியின் முதற்பகுதியை விதுசேகர பட்டாசாரியர் 1957ஆம் ஆண்டிலும், ஞானஸ்ரீமித்திரரின் நூல்தொகுதியை அனந்தலால் தாக்கூர் 1959ஆம் ஆண்டிலும், வசுபந்துவின் அபிதர்மகோசபாஷ்யத்தைப் பிரகலாத பிரதான் 1967ஆம் ஆண்டிலும் பதிப்பித்தனர். தாம் கண்ட ஏட்டைத் தாமே பதிப்பிக்க வேண்டும் என்று ராகுலர் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. தக்கார் எவரேனும் முன்வந்தால் போதும் என்று கருதினார்.

இப்பெருமைகளோடு ஒரு கேள்வியும் உடன் நிற்கிறது. அவர் துறந்த இல்லத்தில் ஒரு பெண் காத்திருந்தார். ஐம்பது வயது நிறையும்வரை ஆசம்கட் மண்ணை மிதிப்பதில்லை என்று உறுதி பூண்ட ராகுலர், 1943ஆம் ஆண்டில்தான் மீண்டும் அங்குச் சென்றார். தாம் விரும்பாத மணத்தின் சுமையை அப்பெண் வாழ்நாளெல்லாம் சுமந்ததை நேரிற் கண்டார். மறைந்த தரப்பாரின் குரலை நூல்களில் தேடியவரின் வாழ்விலேயே கேட்கப்படாத குரல் ஒன்று இருந்தது. அவர் வரலாற்றை எழுதுவோர் இதனை மறைத்தல் தகாது.

பிற்காலத்தில் அவர் துறவாடையைக் களைந்தார். பொதுவுடைமை நெறியை ஏற்றார். உழவர் போராட்டத்தில் அடிபட்டார். மீண்டும் சிறை சென்றார். பௌத்த அளவை நூலில் உலகப் புகழ் பெற்ற ஷெர்பாட்ஸ்கியின் அழைப்பால் லெனின்கிராடு சென்றார். இரண்டாம் உலகப்போர் முடிவில் அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். நடு ஆசியாவின் வரலாற்றைப் பற்றிய நூலுக்கு 1958ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார். எத்துணை மாறினும் தர்மகீர்த்தியை அவர் கைவிட்டாரல்லர். எதனையும் ஆராய்ந்தே கொள்க என்னும் அவ்வாசாரியரின் நெறி, அவர் ஏற்ற கொள்கைகளுக்கும் அவர் விட்ட கொள்கைகளுக்கும் ஒருங்கே துணை நின்றது.

1961ஆம் ஆண்டின் இறுதியில் நோய் தாக்கி அவர் நினைவாற்றலை இழந்தார். பல மொழிகளைக் கற்ற நா சொற்களைத் தேடித் தடுமாறியது. மாஸ்கோவில் மேற்கொண்ட மருத்துவமும் பயன் தரவில்லை. 1963ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் டார்ஜிலிங்கில் மறைந்தார். தம் எழுபதாம் பிறந்தநாளுக்குப் பின் அவர் வாழ்ந்தது ஐந்தே நாட்கள்.

அவர் தொடங்கிய தேடல் அவரோடு முடியவில்லை. பாட்னாவில் காக்கப்பெற்ற நிழற்படங்களின் படிகள் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்தை அடைந்து, அவற்றின் விரிவான பட்டியல் 1994ஆம் ஆண்டில் வெளிவந்தது. திபெத்துச் சுவடிகளைப் பதிப்பிக்க வியன்னா அறிஞரும் பெய்ஜிங் ஆய்வு மையமும் 2004ஆம் ஆண்டில் உடன்பாடு கொண்டனர். மறு ஆண்டே, திக்நாகரின் பிரமாணசமுச்சயத்திற்கு ஜினேந்திரபுத்தி இயற்றிய உரையின் முதற்பகுதி வடமொழியில் அச்சேறியது. திக்நாகரின் சொற்களைப் பெரிதும் மீட்டறிய அவ்வுரை வழி திறந்தது.

உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஓலைச்சுவடி தேடியதைத் தமிழுலகம் மறவாது போற்றுகிறது. அதே போற்றுதலுக்கு உரியவர் ராகுலர். மணிமேகலையின் 29ஆம் காதையைப் பயிலும் மாணாக்கர், பக்கமும் ஏதுவும் திருட்டாந்தமும் எங்ஙனம் வளர்ந்தன என்று அறிய விழையின், மறுத்தவர் நூல்களை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. தர்மகீர்த்தியின் கூற்றைத் தர்மகீர்த்தியின் வாயிலிருந்தே கேட்கலாம். ஏற்பதும் மறுப்பதும் அதன் பின்னரே ஆகும்.